முதல் தந்தி ஒரு படி கீழே

போன வருஷம் கிள்ளானில் நடந்த ஒரு கலை இரவில் பத்து நிமிடம் லேப் ஸ்டீல் கிட்டார் வாசித்தேன். மேடை ஏறுவதற்கு முன்னால் அறிவிப்பாளர் அண்ணன் பக்கத்தில் வந்து, "தம்பி, என்னன்னு சொல்லணும்?" என்று கேட்டார். ஒரு துண்டுத்தாளில் "முல்லை ட்யூனிங்" என்று எழுதிக் கொடுத்தேன். கிட்டாரின் தந்திகளை வழக்கத்துக்கு மாறாகச் சுருதி சேர்த்து, அதற்கு நானே வைத்த பெயர் அது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது அது, "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் மீட்டிய முல்லை யாழின் சுருதி, இன்று நவீன கிட்டாரில்" என்று ஆகிவிட்டிருந்தது. மண்டபம் எழுந்து கைதட்டியது. நான் இன்னும் ஒரு தந்தியைக்கூடத் தொடவில்லை.

ஒலிவாங்கி என் பக்கத்திலேயே இருந்தது. "அப்படி இல்லண்ணே" என்று சொல்ல மூன்று விநாடி போதும். நான் சொல்லவில்லை. வாசித்தேன், கும்பிட்டேன், இறங்கினேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பொருள மீட்டுக் கொண்டாந்துட்டப்பா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்று இரவு வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போது திருடிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. யாரிடமிருந்து திருடினேன் என்றுதான் புரியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான கணக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலையில் ஒரு பகுதி. இசை முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் எண்களை எழுதிப் பார்க்காமல் எதையும் நம்பாத கெட்ட பழக்கம் உண்டு.

*

சாதாரண கிட்டாரில் இடது கை விரல்கள் நான்கையும் நான்கு வெவ்வேறு இடங்களில் அழுத்தலாம். லேப் ஸ்டீலில் அது நடக்காது. மடியில் கிடத்திக்கொண்டு, தந்திகளின் மேல் ஓர் எஃகு உருளையை வைத்து வழுக்குகிறோம். உருளை நேரானது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் வைத்தால் ஆறு தந்திக்கும் அது ஐந்தாம் ஃப்ரெட்தான். உருளையைக் கொஞ்சம் சாய்க்கலாம், அல்லது உருளைக்குப் பின்னால் ஒரு தந்தியை விரலால் இழுத்துச் சுருதியை ஏற்றலாம். மிச்சமெல்லாம் ஆணியைத் திருகும்போதே முடிவாகிவிடுகிறது. எந்தத் தந்திக்கும் எந்தத் தந்திக்கும் எவ்வளவு இடைவெளி என்று தொடக்கத்தில் வைக்கிறோமோ, அதுதான் கழுத்து முழுக்க நகரும். ஆகவே மற்ற கிட்டாரில் ட்யூனிங் என்பது தயாரிப்பு வேலை. இதில் அது இலக்கணம். எந்த வாக்கியத்தைச் சொல்ல முடியும், எதைச் சொல்லவே முடியாது என்பதை அது தீர்மானிக்கிறது.

இந்தக் கருவி ஹவாயில் பிறந்தது. ஓவாஹு தீவின் லாயே கிராமத்தில் 1874இல் பிறந்த ஜோசஃப் கெகுகு பள்ளி மாணவனாக இருந்தபோது, கையில் கிடைத்த ஓர் இரும்புத் துண்டைத் தந்திகளில் வழுக்கிப் பார்த்ததுதான் தொடக்கம் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அவர் 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனார். 1915இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1932இல் ரிக்கன்பேக்கர் வெளியிட்ட, பார்ப்பதற்கு வாணலி மாதிரியே இருக்கும் அலுமினிய லேப் ஸ்டீல்தான் கடைக்கு வந்த முதல் மின்கிட்டார். ஆம், உலகத்தின் முதல் மின்கிட்டார் மடியில் கிடந்தது.

கெகுகு வழுக்கத் தொடங்குவதற்கு முன்பே ஹவாய்க்காரர்கள் கிட்டாரின் தந்திகளைத் தங்கள் இஷ்டத்துக்குத் தளர்த்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரபுக்குக் 'கீ ஹோஅலு' என்று பெயர். தளர்த்திய சுருதி என்று பொருள் கொள்ளலாம். லேப் ஸ்டீலின் பழைய ட்யூனிங்குகள் அதிலிருந்துதான் வந்தன.

இனி எழுத்துகளாகப் பேச வேண்டியிருப்பதால் ஒரு சாவி: சி என்பதை 'ச' என்று வைத்துக்கொண்டால், டி 'ரி', ஈ 'க', ஜி 'ப', ஏ 'த'.

*

என்னுடைய லேப் ஸ்டீல் பழையது. ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது 600 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். எல்லோரையும்போல சி6 என்ற ட்யூனிங்கில்தான் பழகினேன். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. இதைப் பரவலாக்கியவர் என்று ஜெரி பேர்டைச் சொல்வார்கள். ஒஹாயோ மாநிலத்துக்காரர், 1972இல் ஹவாயிலேயே குடியேறி, கருவி பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அதைத் திரும்பக் கற்றுக் கொடுத்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தந்தி, அதாவது மிக மெல்லியது, அறுந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு தடிமன் உள்ள தந்தி அது. வீட்டில் 17 மட்டும்தான் இருந்தது. மாட்டினேன். ஈ வரைக்கும் ஏற்ற பயமாக இருந்தது. டி வந்ததும் நிறுத்திக்கொண்டேன். சி, ஈ, ஜி, ஏ, சி, டி. முதல் தந்தி ஒரு படி கீழே. அவ்வளவுதான் என் 'கண்டுபிடிப்பு'.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முழுச்சுரம் இறங்கினால் அதிர்வெண் 11 விழுக்காடு குறையும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தில் போவதால் அது 21 விழுக்காடு குறையும். அதே 15 தந்தியை இறக்கியிருந்தால் தொளதொளவென்று ஆகி உருளைக்கு அடியில் அமுங்கியிருக்கும். ஆனால் 17 தந்தி டி-யில் நிற்கும்போது இழுவிசை, 15 தந்தி ஈ-யில் நின்றதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. 2 விழுக்காடுதான் வித்தியாசம். கையிருப்பில் தவறான தந்தி இருந்ததால், சரியான தந்தியைத் தற்செயலாக மாட்டியிருக்கிறேன்.

கிடைத்தது என்ன? இரண்டாம் தந்தி சி, முதல் தந்தி டி. 'ச'வும் 'ரி'யும் அடுத்தடுத்து. இரண்டையும் சேர்த்து அடித்தால் நொடிக்கு 32 முறை உரசும். சுருதி பிசகிய உரசல் இல்லை, வெண்கல மணியில் கேட்கிற மாதிரி ஓர் உரசல். உருளையை நகர்த்தாமலே ரி-ச, ரி-ச என்று யாழ் போல உதிர்க்கலாம். மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் நடுவில் தொங்குகிற கார்ட்கள் நேர் உருளையிலேயே விழுகின்றன: நான்கு, இரண்டு, ஒன்று தந்திகளில் ஜி-சி-டி, நான்கு, மூன்று, ஒன்றில் ஜி-ஏ-டி.

போனது என்ன? இதைச் சொல்லாமல் விடுவதுதான் இப்படிப்பட்ட கண்டுபிடிப்பாளர்களின் வழக்கம். சி6இன் மேல் இரண்டு தந்திகள் சி-யும் ஈ-யும். அந்த மூன்றாம் சுர இணையை அப்படியே தூக்கிக்கொண்டு வழுக்கும்போது வருவதுதான் நாம் 'ஹவாய்' என்று அடையாளம் காணும் இனிப்பு. அது போச்சு. மேல் மூன்று தந்திகளில் ஏ-சி-ஈ என்று ஒட்டிக் கிடைத்த மைனர் கார்டும் போச்சு. இப்போது அதே கார்டுக்கு ஐந்து, மூன்று, இரண்டு என்று தாவ வேண்டும். ஒரு தந்தியை ஒரு படி இறக்கியதற்கு நான் கொடுத்த விலை, இந்தக் கருவியின் தாய்மொழி உச்சரிப்பு.

*

பெயர் வைக்கும் ஆசை உடனே வந்தது. வைப்பதற்கு முன் மற்றவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். நான்கு வகை கண்ணில் பட்டது.

முதல் வகை, பாட்டின் பெயர். அமெரிக்கத் தெற்கில் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று சேர்ப்பதை 'வெஸ்டபோல்' என்பார்கள். 1854–55இல் கிரிமியப் போரில் முற்றுகையிடப்பட்ட செவஸ்தபோல் நகரம்தான் அது. ஹென்றி வொரல் என்பவர் 1860இல் அந்த நகரத்தின் பெயரில் ஒரு கிட்டார் துண்டை வெளியிட்டார். அதை வாசிக்க இந்த ட்யூனிங் வேண்டும். தாள் பார்த்து வாசித்தவர்களிடமிருந்து காதால் கற்றவர்களுக்குப் போய், கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் வாயில் நகரத்தின் பெயர் உருண்டு வெஸ்டபோல் ஆனது. அவருடைய இன்னொரு துண்டு 'ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ'. அதிலிருந்து ஜி ட்யூனிங்குக்கு 'ஸ்பானிஷ்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்பெயினுக்கும் அதற்கும் அவ்வளவுதான் சம்பந்தம். இவை தவறான பெயர்கள். ஆனாலும் இவற்றை எனக்குப் பிடிக்கிறது. எந்தப் பெருமையையும் இவை கோரவில்லை. யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்ற வழித்தடம் மட்டும் இவற்றில் இருக்கிறது.

இரண்டாம் வகை, வாழ்க்கையிலிருந்து வரும் பெயர். டி, ஜி, டி, ஜி, பி, டி என்பதை ஹவாயில் 'டாரோ பேட்ச்' என்கிறார்கள். டாரோ என்றால் சேப்பங்கிழங்கு. இங்கே சந்தையில் கெளாடி என்று கேட்டால்தான் கிடைக்கும். ஹவாய் மக்களின் சோறு அதுதான். எல்லோர் வீட்டிலும் புழங்குகிற ட்யூனிங்குக்கு எல்லோர் தட்டிலும் இருக்கிற கிழங்கின் பெயர். இதில் ஒரு ஜி தந்தியை அரைச் சுரம் இறக்கினால் 'ஜி வஹினே'. வஹினே என்றால் பெண். காகலி நிஷாதம் சேரும் ட்யூனிங்குகளுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். ஒரு தந்தி அரைப்படி இறங்கியதற்குப் புதுப் பெயரா என்று கேட்கலாம். இறங்கிய பிறகு கேட்டவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இந்தப் பெயர்களை வெளியாள் சுலபமாகப் பெற முடியாத காலம் ஒன்று இருந்தது. ட்யூனிங்குகள் குடும்பச் சொத்து. வாசித்து முடித்ததும் தந்திகளைத் தளர்த்திவிட்டுத்தான் கிட்டாரைக் கீழே வைப்பார்களாம், யாரும் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. கஞ்சத்தனம் என்று முதலில் நினைத்தேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். 1893இல் அரசியை இறக்கினார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் நாட்டை அமெரிக்காவோடு சேர்த்துக்கொண்டார்கள். நிலமும் மொழியும் போன பிறகு, பூட்டி வைக்க ஆறு ஆணிகள்தான் மிச்சம். கெயோலா பீமர் 1973இல் கீ ஹோஅலுவுக்கு ஒரு பயிற்சி நூல் எழுதி அந்தப் பூட்டைத் திறந்தார். பூட்டியதும் திறந்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று தோன்றுகிறது: அழிந்துவிடக் கூடாது. தமிழ்ப் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகை, ஆளின் பெயர். பெர்க்லி இசைக் கல்லூரியில் கிட்டார் துறைத் தலைவராக இருந்த வில்லியம் லெவிட் ஒரு ட்யூனிங் அமைத்தார்: சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட், சி, டி. உருளையைச் சாய்க்காமலே ஜாஸ் கார்ட்கள் பலவற்றையும் எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மேஜர், மைனர், ஏழாவது, டிமினிஷ்ட் எல்லாம் ஒரே ஃப்ரெட்டில் கிடக்கின்றன. எந்தத் தந்தியை விடுவது என்பதுதான் வித்தை. ஆறையும் சேர்த்து அடித்தால் ஒரு கார்டும் தெளிவாகக் கேட்காது. ஆகவே கார்ட் பெயர் வைக்க முடியவில்லை. ஆளின் பெயர் வந்தது. நியாயமான பெயர். தற்செயலாக விழுந்தது இல்லை, உட்கார்ந்து தீர்த்த கணக்கு.

என் நண்பன் ஒருவன், "அப்ப உன் பேரையே வெச்சிரு மச்சான்" என்றான். அன்றிரவு லெவிட்டின் வரிசையையும் என் வரிசையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். ஆறு தந்தியில் நான்கு அப்படியே ஒன்று. ஆறாம் தந்தியும் மூன்றாம் தந்தியும் மட்டும் அரை அரைச் சுரம் தள்ளி நிற்கின்றன. மேலே சி-யும் டி-யும் ஒட்டி நிற்கிற என் மணி உரசல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. என் பெயர் வைக்கும் ஆசை அந்தத் தாளோடு முடிந்தது.

*

நான்காம் வகைதான் பொதுவானது: கார்ட் பெயர். சி6, ஈ7 என்று. இதுதான் நேர்மையான பெயர், வெறும் விவரம், இதில் ஆசாபாசம் இல்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை.

சி6 என்றால் சி, ஈ, ஜி, ஏ. ஏ மைனர் ஏழு என்றால் ஏ, சி, ஈ, ஜி. அதே நான்கு சுரங்கள். ஏன் ஒன்றைச் சொல்கிறோம், இன்னொன்றைச் சொல்வதில்லை? ஹவாயின் பெரிய வித்தகர் சோல் ஹோப்பி கையாண்ட ட்யூனிங்கைச் சி ஷார்ப் மைனர் என்கிறார்கள்: பி, டி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ. அதே ஆறு தந்திகளை ஈ13 என்றும் படிக்கலாம். தந்திகள் மாறவில்லை. எது வீடு, எது வாசல் என்பது மட்டும் மாறுகிறது. அப்படியென்றால் கார்ட் பெயரும் விவரம் இல்லை. இப்படிக் கேள் என்று காட்டும் கை. அது ஒரு விமர்சனம்.

வெறும் சொல் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட்டிருப்பேன், காதால் சுருதி சேர்க்க முயலாமல் இருந்திருந்தால். ட்யூனர் கருவி காட்டுகிற சம இடைவெளிச் சுரங்கள் லேப் ஸ்டீலில் கொஞ்சம் கசக்கும். எனவே தந்திகளை ஒன்றோடொன்று ஒத்து வைக்கிறோம். பழைய சி6 இதில் சமர்த்து. சி-யோடு ஈ, ஜி, ஏ மூன்றையும் சுத்தமாகச் சேர்த்தால், ஏ-யும் ஈ-யும் தங்களுக்குள் தானாகவே சுத்தமாக நிற்கும். சி வீடானாலும் ஏ வீடானாலும் சண்டை இல்லை.

என் டி வந்ததும் சண்டை வந்தது. நான்காம் தந்தி ஜி-யோடு அதைச் சேர்த்தால் மூன்றாம் தந்தி ஏ-யோடு நொடிக்கு 11 முறை அடிக்கிறது. ஏ-யோடு சேர்த்தால் ஜி-யோடு 7 முறை அடிக்கிறது. ஒரு மணி நேரம் ஆணியை முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன், கை சரியில்லை என்று நினைத்து. கணக்குப் போட்டதும் புரிந்தது. ஜி கேட்கிற டி, சி-யைப் போல் 9/8 பங்கு. ஏ கேட்கிற டி, 10/9 பங்கு. இரண்டுக்கும் நடுவே 81/80. நம் இசை நூல்கள் பிரமாண சுருதி என்று சொல்லும் அதே சின்ன இடைவெளி. இது என் கையின் பிழை இல்லை, எண்களின் இயல்பு. யாராலும் தீர்க்க முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

தேர்ந்தெடுப்பது என்றால், சி வீடா ஏ வீடா என்று முடிவு செய்வது. அதாவது பெயர் வைப்பது. பெயர் மாறினால் ஆணி நிற்கிற இடம் மாறும், நொடிக்கு மூன்றரை அதிர்வு தள்ளி. பெயர் என்பது கருவிக்கு மேலே ஒட்டுகிற தாள் இல்லை. கருவிக்குள்ளே இருக்கிறது.

*

இப்போது முல்லைக்கு வருகிறேன்.

அந்தப் பெயருக்கு என் வாதம் இதுதான். சி, டி, ஈ, ஜி, ஏ: ச, ரி, க, ப, த. மோகனம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி மோகனமே என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். என் ஆறு தந்திகளில் இருப்பவை அந்த ஐந்து சுரங்கள் மட்டுமே. ஆகவே முல்லை. அழகான முக்கோணம். ஒவ்வொரு கோடும் தனித்தனியாகச் சரிதான்.

முக்கோணம் உடைகிற இடம் இரண்டு. ஒன்று, இதே ஐந்து சுரங்களில் 'ரி'யை வீடாக்கினால் மத்யமாவதி, 'க'வை ஆக்கினால் இந்தோளம், 'ப'வை ஆக்கினால் சுத்த சாவேரி, 'த'வை ஆக்கினால் சுத்த தன்யாசி. கிரக பேதம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். ஐந்தில் ஒன்றை எடுத்து, அதுவும் பழம்பெருமை இருக்கிற ஒன்றைப் பார்த்து எடுத்து, மற்ற நான்கையும் மறைத்தேன். இரண்டு, மோகனம் என்பது ஐந்து சுரம் இல்லை. எங்கே நின்று எங்கே அசைந்து எப்படி இறங்குவது என்ற நடை. நான் மேடையில் செய்தது ஐந்தையும் ஒரே நேரத்தில் அடித்தது. ஐந்தையும் ஒரே நேரத்தில் அடித்தால் வருவது மோகனம் அல்ல. அமெரிக்க வெஸ்டர்ன் ஸ்விங் குழுக்கள் பாட்டை முடிக்கிற 6/9 கார்ட். கண்ணை மூடிக் கேட்டால் டெக்சாஸ். பெயரைக் கேட்டதால்தான் அந்தப் பெரியவருக்கு முல்லை நிலம் தெரிந்தது.

நம்மிடம் வழுக்கி வாசிக்கும் கருவியே இல்லையா? இருக்கிறது. கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார்கள். இப்போது சித்ரவீணை என்கிறோம். தந்திகளை 'ச'விலும் 'ப'விலும் வைத்துக்கொண்டு, ராகத்தை முழுக்கக் கையே செய்கிறது. ஒரே நேரத்தில் பல சுரம் வேண்டியதில்லை, ஆகவே விதவிதமான ட்யூனிங்கும் வேண்டியதில்லை. அது வேறு கேள்விக்குக் கிடைத்த வேறு விடை. 1880களில் ஹவாயில் தந்தியின் மேல் எதையோ வழுக்கி வாசித்த கேப்ரியல் டேவியன் என்ற இந்தியாவில் பிறந்த மாலுமியைப் பற்றிக் கதை உண்டு. இதைப் படித்ததும் என் மனம் "பாத்தியா!" என்று துள்ளியது. அந்தத் துள்ளலைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். ஒரு சின்ன தீவு மக்கள் எல்லாவற்றையும் இழந்த பத்தாண்டுகளில் உருவாக்கிக் காப்பாற்றிய ஒன்றை, ஒரு மாலுமியின் பெயரைச் சொல்லி நம் கணக்கில் எழுதிக்கொள்ள எவ்வளவு சுலபமாகக் கை நீள்கிறது! கலை இரவில் நான் திருடியது அவர்களிடமிருந்துதான்.

இன்னொரு திருட்டும் உண்டு. அது நம் மரபிடமிருந்து. கைதட்டல் வாங்கித் தருகிற 'முல்லை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அந்த மரபு உண்மையிலேயே யோசித்து வைத்திருந்ததை எடுத்துக்கொள்ளவில்லை. யாழில் உருளை இல்லை. ஒவ்வொரு தந்தியும் சேர்த்த சுருதியிலேயே ஒலிக்கும். ஆகவே சுருதி சேர்ப்பதுதான் அதற்கும் இலக்கணம். 'பண்ணல்' என்று அதற்கு ஒரு தனிச்சொல்லே இருந்தது. இசைக்கரணம் எட்டில் முதலாவது. ஏழு பாலைகள் அந்த வேலையில் பிறந்தவை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களில் எது குரலாக நிற்கிறதோ அதைப் பொறுத்துப் பாலையின் பெயர் மாறும். குரலே குரலானால் செம்பாலை, துத்தம் குரலானால் படுமலைப்பாலை, கைக்கிளை குரலானால் செவ்வழிப்பாலை. சி6ஆ ஏ மைனரா என்று நான் முட்டிக்கொண்ட அதே கதவு. பெயர் எங்கே இருந்து தொடங்குவது என்பதைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். 1947இல் வெளியான விபுலாநந்தரின் 'யாழ் நூல்' பக்கம் பக்கமாக எண்கள் போட்டு இதைத்தான் விளக்குகிறது. கல்லூரிக் காலத்தில் அதைத் திறந்து, கணக்காக இருக்கிறதே என்று மூடிவைத்தவன் நான். கணக்குப் படித்தவன்!

*

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நூல் வெளியீட்டில் மறுபடி வாசிக்கக் கூப்பிட்டார்கள். முப்பது நாற்காலி, மசால் வடை, தேநீர். நடத்திய அக்கா வந்து, என்னவென்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். இந்த முறை தாளில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "சி ஆறு. முதல் தந்தி ஒரு படி கீழே, நான்காம் தந்தியோடு சேர்த்தது." அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பேரா தம்பி?" என்றார். "ஆமாக்கா" என்றேன். அப்படியே வாசித்தார். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார்.

வாசித்து முடித்து உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு மாமா வடைத் தட்டோடு எழுந்து வந்தார். பழைய பாண்ட் ஆள் மாதிரி இருந்தார். கிட்டாரின் முதல் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எதுக்கு தம்பி ஒரு படி கீழ?"

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். டி-யை மறுபடி ஈ-க்கு ஏற்ற முடியாது, தந்தி தடித்தது. ஆகவே போன இனிப்பை வாயால் பாடிக் காட்டினேன். பிறகு சி-யையும் டி-யையும் சேர்த்து அடித்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றார்.